வேட்டு நாளில் அளந்த சத்தம்

என் மனைவியின் அண்ணனுக்கு இடது காது கேட்காது. பிறவிக் கோளாறு அல்ல. 1993 கோடையில், ஹனூருக்கு அப்பால் காட்டோரத்தில் இருக்கும் தன் கிணற்றில் பாறை வந்துவிட்டதென்று அவர் தோட்டா வைத்தார். அந்தப் பக்கம் கிணறு வெட்டுகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அந்த வருஷம் காட்டுப் பாதையில் சந்தனக் கடத்தல் கும்பல் வைத்த கண்ணிவெடியில் சிக்கிப் போலீஸ்காரர்கள் செத்திருந்தார்கள். பாறை வெடித்த தூசி அடங்குவதற்குள் ஜீப் வந்துவிட்டது. வெடிமருந்தை யாருக்குக் கொடுத்தாய் என்பது ஒன்றே கேள்வி. கிணற்றுக்கு என்று அவர் சொன்ன ஒவ்வொரு தடவையும் இரண்டு காதுகளையும் சேர்த்து உள்ளங்கைகளால் அறைந்தார்கள். வலது காது பிழைத்தது.

அவரை மைசூருக்கு அழைத்து வந்து காது டாக்டரிடம் காட்டியது நான்தான். செவிப்பறை கிழிந்திருப்பதைப் பார்த்த டாக்டர், எப்படி என்று கேட்டார். கிணற்றில் அடிபட்டது என்றார் மச்சான். டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு சொட்டு மருந்து எழுதினார்.

அதற்குப் பிறகு அந்த ஊரில் சத்தம் என்றாலே அடி என்று ஆகிவிட்டது. லாரி டயர் வெடித்தால் ஆண்கள் சோளக்காட்டுக்குள் ஓடினார்கள். யானையை விரட்டப் பட்டாசு போடுவதை நிறுத்திவிட்டு வெறும் தகரத்தைத் தட்டினார்கள். யானைகளுக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருந்தது. அடுத்த வருஷம் ராகி அறுவடையின்போது தகரம் தட்டிக்கொண்டு நின்ற ஒருவரை ஒரு கொம்பன் வரப்போடு சேர்த்து மிதித்தது. தகரம் அவர் மார்புக்குள் பதிந்திருந்ததாக மச்சான் சொன்னார்.

நான் மைசூரில் பிறந்தவன். என் அப்பா ரயில்வே வேலைக்காக வந்து இங்கேயே தங்கிவிட்டார். நானும் அரசாங்கச் சம்பளக்காரன். படிப்பதும், படித்ததையும் பார்த்ததையும் தேதியிட்டுக் குறித்து வைப்பதும் என் பொழுதுபோக்கு. அடி பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் நடந்தபோது, தேவராஜ மொஹல்லாவில் நான் வழக்கமாகக் காய்கறி வாங்கும் தமிழரின் கடையை ஒரு கும்பல் தெருவில் இழுத்துப் போட்டு எரித்தது. அவரை எரியவிடவில்லை, உதைத்ததோடு விட்டார்கள். அன்றிலிருந்து பஸ்ஸில் நான் தமிழ் பேசுவதில்லை. வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திய பிறகுதான் பேசுவேன்.

1997-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கன்னடப் பத்திரிகையில் ஒரு அரசு அறிவிப்பு வந்தது. ஒரு தனியார் கம்பெனி வானிலை அறியும் சிறு ராக்கெட்டுகளைச் செய்து விற்கப்போகிறது. ஏவுவது வேறெங்கோ ஒரு கடற்கரையில். ஆனால் ராக்கெட்டின் மோட்டாரைச் சிமெண்ட் மேடையில் படுக்க வைத்துக் கட்டி, எரித்துப் பார்க்கும் இடம் மச்சான் ஊரை ஒட்டி அமையும். சுற்றுச்சூழல் அனுமதிக்கு முன் மக்கள் கருத்துக் கேட்பு நடக்கும், ஆட்சேபணை உள்ளவர்கள் வரலாம் என்று போட்டிருந்தது. ஹனூர் அடங்கிய கொள்ளேகால் தாலுகா அப்போது மைசூர் மாவட்டத்தில்தான் இருந்தது, அதனால் கூட்டமும் மைசூரில்தான். இப்படிக் கூட்டம் கூட்டிக் கேட்டே ஆகவேண்டும் என்ற விதி அந்த வசந்தத்தில்தான் வந்திருந்தது. எப்படி நடத்துவதென்று யாருக்கும் தெரியவில்லை. கம்பெனி கொடுத்திருந்த சுற்றுச்சூழல் அறிக்கையின் சுருக்கத்தைப் பார்க்க வேண்டுமென்று நான் ஆபீசுக்குப் போனபோது, இதையெல்லாம் யாராவது படிப்பார்களா என்று அங்கிருந்த குமாஸ்தா உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டார்.

படித்தேன். முதல் பக்கத்தில், இருநூறு வருஷத்துக்கு முன் மைசூர்ப் படை ராக்கெட் விட்ட பெருமை இருந்தது. அந்த ராக்கெட்டுகள் யார் மேல் விழுந்தன என்பது இல்லை. தண்ணீர், காற்று, காடு என்று போய், பிறகு சத்தம். மோட்டார் எரியும்போது ஊரில் எவ்வளவு சத்தம் கேட்கும் என்று ஒரு எண். ஊரில் இப்போதே எவ்வளவு சத்தம் இருக்கிறது என்று கருவி வைத்து அளந்த இன்னொரு எண். இரண்டுக்கும் அதிக வித்தியாசமில்லை. ஆகவே இந்தத் திட்டத்தால் ஊருக்குப் புதிதாகத் தொந்தரவு எதுவுமில்லை, இது இயல்பாகவே இரைச்சல் மிகுந்த கிராமம் என்று எழுதியிருந்தார்கள்.

தகரம் தட்டிச் சாகிற ஊர் இரைச்சல் மிகுந்த ஊராம். அளந்த தேதியைப் பார்த்தேன். பங்குனியில் ஒரு புதன்கிழமை. லீவு கிடைக்காமல் நான் அந்த வருஷம் மச்சான் ஊர்ப் பண்டிகைக்குப் போகாத புதன்கிழமை. என் மனைவி போயிருந்தாள்.

வீட்டுக்கு வந்து அவளிடம் கேட்டேன்.

"ஆமாங்க, மாரியம்மன் பண்டிகை அன்னிக்குத்தான் வந்தாங்க. காருல ரெண்டு பசங்க. மூணு காலு வெச்ச மெசினு. கோயிலுக்கு முன்னால நடு எடமாப் பாத்து வெக்கச் சொன்னோம். நான்தானுங்க அதுக்குக் குங்குமம் வெச்சேன்."

"வேட்டு?"

"போடாம? அண்ணந்தான் போட்டுது."

அந்த ஊரில் பண்டிகைக்கு வேட்டுப் போடுவது என் மச்சான் வீட்டு முறை. மண்ணில் நட்ட இரும்புக் குழாய்களில் மருந்தைக் கெட்டித்துப் பற்றவைப்பார்கள். மரத்திலுள்ள பறவைகள் எல்லாம் ஒரே வீச்சில் கிளம்பும். மரியாதைக்குரிய விருந்தாளி யாராவது வந்தால் அவர் பேரில் தனியாக ஒரு வேட்டு உண்டு. அந்த அடிக்குப் பிறகு மூன்று பண்டிகைகளுக்கு அனுமதி இல்லை. இந்த வருஷம்தான் போலீஸ் மூன்று வேட்டுக்கு எழுதிக் கொடுத்தது. நான்கு வருஷ ஏக்கம். அந்த நேரம் பார்த்து பெங்களூரிலிருந்து விருந்தாளிகள். மச்சான் ஆளுக்கொன்று போட்டார். கார் டிரைவருக்கும் ஒன்று. கடைசியாக, பொட்டு வைத்து மாலை சாத்தியிருந்த அந்தக் கருவிக்கும் ஒன்று, அதன் காலடியிலேயே. வந்த பையன் காதைப் பொத்திக்கொண்டு எண்ணை எழுதிக்கொண்டானாம். பிறகு எல்லோரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

ஹனூரில் ஒரு கடைக்குப் போன் செய்து தகவல் சொன்னேன். மறுநாள் கொள்ளேகால் பஸ்ஸில் மச்சான் வந்தார். வலது காதை என் பக்கம் திருப்பி, அறிக்கையை நான் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டார்.

"அப்ப நான் போட்ட வேட்டுதான் அவனுக்குச் சாட்சியாங்க மாப்ள?"

"ஆமா மச்சான்."

சிரித்தார். "மரியாதைக்குப் போட்டேனுங்க" என்றார். பிறகு சிரிப்பு நின்றது.

கூட்டத்தில் இதைச் சொன்னால் அந்த எண் செல்லாது. மறுபடி அளக்க வேண்டியிருக்கும். ஆனால் சொன்னால், மூன்று வேட்டுக்கு அனுமதி வாங்கியவனிடம் மற்ற வேட்டுகளுக்கு மருந்து எப்படி வந்தது என்ற கேள்வி வரும். கிணற்றுக்கென்று வாங்கிக் களிமண் பானையில் புதைத்து வைத்திருந்த மருந்து அது. 1993-இல் அவரைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் தேடியும் கிடைக்காதது. என் மனைவி சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்:

"நீ வாயத் தொறக்காதண்ணா. மீதி மருந்து எங்கிருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"கேக்க மாட்டாங்க. அடிப்பாங்க."

"அந்த மேடை வந்துச்சுன்னா மாசாமாசம் சத்தம், புள்ள. போட்டது கம்பெனிக்காரன்னு ஜீப்புல வர்றவனுக்கு எப்படித் தெரியும்? மொதல்ல நம்ம ஊட்டுக்குத்தான் வருவான். ஒருக்கா வாங்கறதா, மாசாமாசம் வாங்கறதா? நீயே சொல்லு."

அவருக்குப் பதிலாக நான் பேசுகிறேன் என்றேன். நீங்கள் அங்கே இல்லையே என்றார் மச்சான். பற்றவைத்தவன் சொன்னால்தான் நம்புவார்கள். நான் செய்ய வேண்டியது அவர் தமிழைக் கன்னடத்தில் சொல்வது மட்டும். என் மனைவி தட்டைத் தரையில் போட்டாள். எவர்சில்வர் தட்டு சுழன்று அடங்குகிறவரை மச்சான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் ஆடி மாதத்தில் ஒரு மழை நாளில் நடந்தது. கம்பெனிக்காக நிலம் வாங்கிக் கொடுத்த கொள்ளேகால் தரகர், இரண்டு வேன் நிறைய ஆட்களைக் கூட்டி வந்து முன்வரிசை நாற்காலிகளையெல்லாம் நிரப்பியிருந்தார். மேடையில் அதிகாரிகள். தலைமை தாங்கியவருக்குக் கடுமையான ஜலதோஷம், ஒவ்வொரு பேச்சுக்கும் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். கதவருகே ஒரு இன்ஸ்பெக்டர். கம்பெனி ஆள் வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசினார். முன்வரிசை கைதட்டியது. பிறகு ஆட்சேபணை உள்ளவர்கள் என்று கூப்பிட்டார்கள். மச்சான் எழுந்து மைக்கிடம் போனார். நான் பக்கத்தில் நின்றேன்.

"அன்னிக்கு எங்கூர்ல பண்டிகைங்க" என்று அவர் ஆரம்பித்ததும் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "கன்னடதல்லி ஹேளோ." கன்னடத்தில் சொல்லு. அடுத்த குரல் அதையே கெட்ட வார்த்தை சேர்த்துச் சொன்னது. மச்சானுக்குச் சந்தையில் மாடு பேரம் பேசும் அளவுக்குக் கன்னடம் தெரியும். இரண்டு வார்த்தை முயன்றார். வேட்டுக்குக் கன்னடத்தில் என்ன என்று என்னைப் பார்த்தார். பிறகு தமிழுக்கே திரும்பினார். அப்போது ஒரு நாற்காலி பறந்து வந்தது.

அது என் புருவத்தில் பட்டது. விழவில்லை, ஆனால் ஒரு கண் சிவப்பாகிவிட்டது. யாரோ மச்சானின் கழுத்துத் துண்டைப் பின்னாலிருந்து முறுக்கி இழுத்தார்கள். அவர் மைக் கம்பியை விடாமல் பிடித்திருந்ததால் அதுவும் அவரோடு சாய்ந்தது. முழங்காலில் விழுந்தவரை இருவர் விலாவில் உதைத்தார்கள். தமிழனை வெளியே தள்ளு என்று கத்தினார்கள். இன்ஸ்பெக்டர் கதவருகிலேயே நின்றார். மச்சான் கீழே கிடந்தபடி மைக்கை வாய்க்கு இழுத்து, தன்னுடைய வேட்டுத்தான் அது என்று சொல்லிக்கொண்டே போனார். அவர் ஒரு வாக்கியம் சொல்ல, நான் அதைக் கன்னடத்தில் சொன்னேன். நான் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவன், என் கன்னடத்தில் யாரும் குறை காண முடியாது. என் சட்டையைப் பிடித்திருந்த கை அதைக் கேட்டதும் விட்டுவிட்டது. அந்தக் கைக்குரியவன் மச்சானை உதைக்கப் போனான்.

உதைத்தவர்களைப் பிரித்த பிறகு தலைமை அதிகாரி மேசையிலிருந்து குனிந்து கேட்டார். வேட்டை யார் பற்றவைத்தது?

"நானுங்க."

எதற்காக?

"வந்தவங்களுக்கு மரியாதைங்க. அந்த மெசினுக்கும் ஒண்ணு."

எத்தனைக்கு அனுமதி?

"மூணுக்கு."

சொன்னேன். மூன்று பதிலையும் அப்படியே கன்னடத்தில் சொன்னேன். அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு, அந்த அளவை ஏற்க முடியாது, மோட்டார் மேடை வரப்போகும் இடத்துக்கு மிக அருகிலுள்ள வீட்டில் சாதாரண நாள் ஒன்றில் மறுபடி அளக்கவேண்டும் என்று பதிவு செய்யச் சொன்னார். நல்ல மனிதர். அவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே இன்ஸ்பெக்டர் மச்சானின் கையைப் பிடித்துப் பக்கவாட்டுக் கதவு வழியாக அழைத்துக்கொண்டு போனார்.

அவரைத் தேடி மைசூரில் இரண்டு ஸ்டேஷன், கொள்ளேகாலில் ஒன்று என்று அலைந்தேன். அப்படி யாரும் இல்லை என்றார்கள். கடைசியில் ஒரு வக்கீலைப் பிடித்து, வெடிமருந்து வழக்கில் ஜாமீன் வாங்கினோம். வெளியே வந்தவரால் செருப்புப் போட முடியவில்லை. உள்ளங்கால் இரண்டும் வெந்த கத்திரிக்காய் மாதிரி இருந்தன. மருந்துப் பானை எங்கே என்று கேட்டார்களாம். பானையை அந்தப் பண்டிகையிலேயே காலி செய்துவிட்டதை அவர்கள் நம்பவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவர் சட்டையைக் கத்தரித்து எடுத்தார். மூன்று விலா எலும்புகள் முறிந்திருந்தன. கூட்டத்தில் முறிந்தது எது, ஸ்டேஷனில் முறிந்தது எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. என் மனைவி அந்தச் சட்டையை வீட்டுக் குழாயடியில் துவைத்தாள். துணியில் மீதி இருந்தது பாதிதான், ஆனாலும் துவைத்தாள்.

மறுபடி அளக்க வருகிறார்கள் என்று தகவல் வந்ததும் மச்சான் ஆஸ்பத்திரியில் இருக்க மறுத்தார். மேடைக்கு மிக அருகிலுள்ள வீடு அவருடையதுதான். ஒரு வாடகைக் காரில் படுக்க வைத்துக் கூட்டிப்போனேன்.

ஊரில் யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. மோட்டார் பம்புகளை நிறுத்தியிருந்தார்கள். மாவு மில் மூடியிருந்தது. மாட்டுக் கழுத்து மணிகளுக்குள் வைக்கோல் திணித்திருந்தார்கள். சாதாரண நாள் என்று உத்தரவில் இருந்தது. அந்த ஊரின் கடந்த நான்கு வருஷத்துச் சாதாரண நாளும் ஏறக்குறைய இப்படித்தான் என்பதால் அதைப் பொய் என்று நான் எண்ணவில்லை. அதே பையன்தான் கருவியோடு வந்தான். கூடவே ஒரு சர்க்கார் ஆள். இந்தத் தடவை யாரும் பொட்டு வைக்கவில்லை. பையன் மச்சான் வீட்டு வாசலில் மூன்று காலையும் ஊன்றினான். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கருவி ஓடத் தொடங்கிச் சற்று நேரத்தில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. அந்த வீட்டுக்காரர் அதன் வாயைப் பொத்தினார். நாய் அவர் கையைக் கடித்துவிட்டு மறுபடி குரைத்தது. முன்னமே ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கட்டிப் போட்டிருக்கலாம், யாருக்கும் தோன்றவில்லை. அவர் கல் ஒன்றை எடுத்து அதன் தலையில் ஒரே போடாகப் போட்டார். அவர் வளர்த்த நாய். இரண்டு கைகளாலும் அதன் கால்களைப் பிடித்து, மண்ணில் உதறிச் சத்தம் எழாதபடி, அசைவு நிற்கும்வரை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். கடிபட்ட கையிலிருந்து ரத்தம் அதன் மேலேயே வடிந்தது. பையன் அதைப் பார்த்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டான்.

வீட்டுக்குள், மச்சானுக்கு இருமல் வந்தது. முறிந்த விலாவோடு இருமுவது எப்படியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் பார்த்திருந்தேன், வார்டு முழுக்கக் கேட்கும். கதவுக்கு அப்பால் இரண்டடியில் கருவி. அக்கா, அவர் மனைவி, துண்டைச் சுருட்டி அவர் வாயில் வைத்தார். அவர் கடித்தார். நான் தோள்களைப் பிடித்துக்கொண்டேன். இருமல் வெளியே வர வழியில்லாமல் உடம்பு முழுவதும் கட்டிலிலிருந்து எழும்பியது, கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்தது, கண் பிதுங்கியது. அக்கா தன் முழு எடையையும் அவர் மேல் போட்டுப் படுத்து அமுக்கினார். மச்சானின் நகம் என் முன்கையில் இறங்கியது. அப்படி எத்தனை தடவை வந்ததென்று தெரியாது. பையன் கருவியை மடக்கும் சத்தம் கேட்டதும் அக்கா துண்டை உருவினார். துண்டோடு ஒரு பல்லும் வந்தது.

சர்க்கார் ஆள் எண்ணை உரக்கப் படித்தார். காட்டு நடுவில் அளந்தால் வருகிற எண் என்றார்.

அதோடு முடியவில்லை. அந்த வருஷமே கொள்ளேகால் புதிய மாவட்டத்துக்குப் போயிற்று. வெடிமருந்து வழக்கு இழுத்துக்கொண்டு நடந்தது. போலீசிடம் பானையும் இல்லை, மருந்தும் இல்லை. இருந்தது ஒன்றுதான், கூட்டத்தில் மச்சான் பேசியதாக நான் கன்னடத்தில் சொன்னது. அது தட்டச்சாகிக் கோப்பில் இருந்தது. அதை உறுதிசெய்ய அரசுத் தரப்புச் சாட்சியாக எனக்குச் சம்மன் வந்தது.

கலவரத்தில் அடிபட்ட நிலையில் தவறாக மொழிபெயர்த்துவிட்டேன் என்று நான் சொன்னால் வழக்கு அங்கேயே விழும் என்றார் எங்கள் வக்கீல். கம்பெனியின் விண்ணப்பம் அப்போதும் நிலுவையில் இருந்தது. முதல் அளவே சரியானது, ஒரு கலாட்டாக்காரன் பேச்சைக் கேட்டு அதைத் தள்ளியது தவறு என்று அவர்கள் மேலே எழுதியிருந்தார்கள். கோர்ட்டு வராந்தாவில் மச்சான் வலது காதை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மாத்திச் சொல்லிராதீங்க மாப்ள. அன்னிக்குச் சொன்னது தப்புன்னா, ரெண்டாவதா அளந்ததும் தப்பாப் போயிரும்."

"உள்ள போட்டுருவாங்க மச்சான்."

"போடட்டும். ஊடு அங்கதானே இருக்குது."

கூண்டில் ஏறினேன். சரியாகத்தான் மொழிபெயர்த்தீர்களா என்று கேட்டார்கள். சரியாகத்தான் என்றேன்.

என் மனைவி அதற்குப் பிறகு வெகுநாள் எனக்குச் சாப்பாடு மட்டும் போட்டாள். மச்சானை மைசூர் ஜெயிலில் வைத்தார்கள். அவர் உள்ளே இருக்கும்போதுதான் கம்பெனி அந்த இடத்துக்கான விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. பத்திரிகையில் நான்கு வரி. அதைக் கத்தரித்துக்கொண்டு பார்க்கப் போனேன். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் பத்துப் பேர், அந்தப் பக்கம் பத்துப் பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கிடைத்த இடம் அவருடைய இடது பக்கம். தமிழில் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் உரக்கச் சொன்னேன். வார்டர் தடியால் வலையில் அடித்து, கத்தாதே என்றார். விரல்கள் வலையில் கோத்திருந்ததால் அந்த அடி என் விரலில்தான் விழுந்தது. மச்சான் தலையைத் திருப்பி நல்ல காதை வலையோடு ஒட்டவைத்தார். வலியோடு மறுபடி, முதலிலிருந்து, சொல்ல ஆரம்பித்தேன்.